குறும்படம் இல்லாத வீடு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



குடும்ப வன்முறைச் சட்டம் பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கேட்டாங்க. நானும் பிரிவு வாரியாகக் குறிப்பு எடுத்தேன். எடுத்ததை ஒரு தடவை படிச்சுப் பார்த்தேன், எனக்கே கண்ணைச் சொக்கிச்சு. சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு எப்படி இருக்கும்? அதனால சட்டத்துல தொடங்காம, நமக்கெல்லாம் நல்லாத் தெரிஞ்ச இடத்துல தொடங்குறேன். டி.வி.யில தொடங்குறேன்.

பிக் பாஸ் பார்க்கிறவங்க கை தூக்குங்க. பரவாயில்லை, யாரும் மீட்டிங் நோட்டுல எழுத மாட்டாங்க. நானும் பார்க்கிறவதான்.

2017 ஜூனில் தமிழில் முதல் சீசன் தொடங்கினப்ப, கமல்ஹாசன் வார இறுதியில் வந்து பஞ்சாயத்துப் பண்ணுவார். ஒருத்தர் "நான் அப்படிச் சொல்லவே இல்லை"ன்னு சாதிச்சா, "குறும்படம் பார்க்கலாமா?"ன்னு கேட்பார். வீடு முழுக்கக் கேமரா. சொன்னதும் செய்ததும் அப்படியே திரையில் ஓடும். பொய் சொன்னவங்க முகம் வெளுத்துப் போகும். நாம இங்க சோபாவிலும் பாயிலும் உட்கார்ந்துக்கிட்டு, "நல்லா வேணும்"னு சொல்லுவோம்.

அந்தச் சமயம் நான் வேற ஒன்றியத்துல ஒரு குழுவுக்கு ஊக்குநராக இருந்தேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கூட்டம். சேமிப்பு வசூல் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பிக் பாஸ் பேச்சுதான். யார் யாரை ஏசினது, யார் பொய் சொன்னது, யாரை வெளியே அனுப்பணும்னு பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு தீர்ப்பு சொல்லிக்கிட்டு இருந்தோம்.

அப்போ ஒரு தங்கச்சி வந்து ஓரமா உட்கார்ந்தாங்க. இடது கண்ணு திறக்க முடியாம வீங்கியிருந்தது. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்க்கா"ன்னு அவங்களே சொன்னாங்க. யாரும் நம்பலை. யாரும் கேட்கவும் இல்லை. "பார்த்து நடம்மா"ன்னு ஒரு அக்கா சொன்னாங்க. நான் அவங்க பாஸ் புத்தகத்தை வாங்கி, சேமிப்பு நூறு ரூபாய்னு எழுதி, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் குடுத்தேன்.

ஏன் கேட்கலைன்னு இன்னைக்கு யோசிச்சா வெட்கமா இருக்கு. அவங்க வீட்டுக்காரர் மைக் செட் வச்சிருந்தவர். ஊர்ல நல்ல பேரு. எங்க குழு விழாவுக்கெல்லாம் காசு வாங்காம மைக் கட்டிக் குடுப்பார். பேங்க் மேனேஜர்கிட்ட எங்களுக்காகப் பேசியிருக்கார். அவரைப் போய் எப்படிக் கேட்கிறது? கேட்டா நாளைக்கு மைக்குக்கு யார்கிட்ட போறது?

இந்தக் கதையை இங்கே நிறுத்தி வைக்கிறேன். கடைசியில் திரும்ப வருவேன். இப்போ கடல் தாண்டி அமெரிக்கா வரைக்கும் போயிட்டு வருவோம். அங்கேயும் இதே மாதிரி டி.வி. நிகழ்ச்சிகள் உண்டு, அங்கேயும் இதே கேள்விதான் வந்தது.

எம்.டி.வி. என்ற சேனலில் 2009-இல் 'டீன் மாம்' என்று ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. பதின்வயதிலேயே தாயாகிவிட்ட பெண்களின் வீட்டுக்கே கேமரா போகும். அவர்கள் அன்றாட வாழ்க்கையைப் படம் பிடிக்கும். அதில் ஒருவர் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ஆம்பர் போர்ட்வுட். 2010-இல் ஒளிபரப்பான பகுதிகளில், தன் குழந்தையின் அப்பாவை அவர் அறைவதும் உதைப்பதும் அப்படியே வந்தது.

ஆமாம், அடிச்சது பெண். அடி வாங்கினது ஆண். இதை வேணும்னேதான் முதல்ல சொல்றேன். நம்ம சட்டம் பெண்களைப் பாதுகாக்க வந்தது, ஏன்னா அடி வாங்குறவங்கள்ல மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஆனா அடி யார் அடிச்சாலும் அடிதான். நம்ம பிள்ளைங்க பார்த்துக்கிட்டு இருக்கிற வீட்டுல நம்ம கை ஓங்கினாலும் அதே கணக்குதான்.

நான் சொல்ல வர்றது அடிச்சவங்களைப் பற்றி மட்டும் இல்லை. அந்த அறைக்குள்ள வேற யார் யார் இருந்தாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. படம் பிடிக்க ஆள் இருந்தாங்க. அப்புறம் ஒருத்தர் உட்கார்ந்து எடிட்டிங் பண்ணியிருப்பார். ஒருத்தர் அதைப் பார்த்து, சரி, போடலாம்னு ஒத்துக்கிட்டிருப்பார். இத்தனை கை மாறி அது டி.வி.யில் வந்தது. போலீஸ் விசாரணை தொடங்கியது அது ஒளிபரப்பான பிறகுதான். அந்த வருஷம் நவம்பரில் வழக்குப் பதிவானது. 2011-இல் அவர் குற்றத்தை ஒத்துக்கொண்டார். பிறகு 2019-இல் வேறொரு துணையைத் தாக்கியதாக மறுபடி கைது. அதிலும் குற்றத்தை ஒத்துக்கொண்டார். இரண்டு வருஷத்துக்கும் மேலான நன்னடத்தைக் கண்காணிப்பு தண்டனையாக வந்தது. அதற்குப் பிறகும் அதே தொடரில் அவர் வந்துகொண்டுதான் இருந்தார்.

கேமரா இருந்தது. சாட்சி இருந்தது. லட்சக்கணக்கான பேர் பார்த்தாங்க. ஆனா பார்க்கிறது வேற, பொறுப்பு எடுத்துக்கிறது வேற.

இன்னொரு சம்பவம். அதே 2009. அமெரிக்காவில் வி.எச்.1 என்ற சேனலில், பணக்கார மாப்பிள்ளைகள் ஒரு பெண்ணுக்காகப் போட்டி போடுகிற நிகழ்ச்சி. போட்டியாளர்களில் ஒருவர் கனடாவைச் சேர்ந்த ரையன் ஜென்கின்ஸ். படப்பிடிப்பு முடிந்த பிறகு அவர் வேறொரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். நிகழ்ச்சி ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த ஆகஸ்ட் மாதம், அந்த மனைவி கொலை செய்யப்பட்டுக் கிடந்தார். போலீஸ் இவர் மேல் கொலை வழக்குப் போட்டுத் தேடியது. சில நாளில் கனடாவில் இவரும் பிணமாகக் கிடந்தார். சேனல் நிகழ்ச்சியைப் பாதியில் நிறுத்தியது. பிறகுதான் வெளியே வந்தது: 2007-லேயே கனடாவில் ஒரு தாக்குதல் வழக்கில் அவருக்குத் தண்டனை ஆகியிருந்தது. போட்டியாளர்களின் பின்னணியை விசாரிக்க ஏற்பாடு இருந்தும் அது அகப்படவில்லை.

நாம பத்தாயிரம் ரூபாய் உள்கடன் குடுக்கிறதுக்கு எவ்வளவு விசாரிக்கிறோம்! பழைய கடன் பாக்கி இருக்கா, வேற குழுவுல இருக்காங்களா, மாசம் என்ன வருமானம்னு கேட்டுத்தானே தீர்மானம் போடுறோம்? கோடிக்கணக்கில் செலவழிச்சு நிகழ்ச்சி எடுக்கிறவங்களுக்கு ஒரு ஆளோட பழைய வழக்கு தெரியலைன்னா, எதைத் தேடணும், எவ்வளவு அக்கறையாத் தேடணும்ங்கிற கேள்வி வரத்தானே செய்யும்?

நம்ம நாட்டுக்கு வருவோம். 2013-இல் இந்தி பிக் பாஸ் ஏழாவது சீசன். மகாராஷ்டிரத்தில் லோனாவாலாவில் செட் போட்டிருந்தார்கள். நடிகர் அர்மான் கோஹ்லி தன்னைத் தாக்கியதாக, கூட இருந்த ஒரு பெண் போட்டியாளர் வெளியே வந்து போலீசில் புகார் கொடுத்தார். டிசம்பரில் போலீஸ் அந்த வீட்டுக்கே போய் அவரைக் கைது செய்தது. ஜாமீன் கிடைத்தது. ஜாமீனில் வந்தவர் மறுபடி அதே வீட்டுக்குள் போய் நிகழ்ச்சியில் கலந்துகொண்டார்.

2018 ஜூனில், கூட வாழ்ந்த பெண்ணைத் தாக்கியதாக அவர் மேல் இன்னொரு புகார் வந்தது. கைது செய்தார்கள். சில நாளில் இரண்டு தரப்பும் சமரசம் ஆகிவிட்டதாகச் சொன்னதால், மும்பை உயர் நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது.

இங்க ரெண்டு விஷயத்தை நிதானமாச் சொல்லணும். முதல் விஷயம், புகார் வேற, தீர்ப்பு வேற. அந்த 2018 வழக்கு விசாரணைக்கே போகலை. அதனால அவர் குற்றவாளின்னு நான் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லக் கூடாது. டி.வி. பார்த்துக்கிட்டே தீர்ப்பு எழுதுற பழக்கம் நமக்கு ரொம்ப இருக்கு. புகார் வந்தா விசாரிக்கணும். விசாரணை முடியிற வரைக்கும் ரெண்டு பேருக்கும் நியாயமா நடக்கணும். அதே சமயம், விசாரணை நடக்கிறப்பவே அந்த ஆளை மறுபடி விளக்கு வெளிச்சத்துல நிறுத்தி, புரோமோ போட்டு, அதுல விளம்பரக் காசு பார்க்கிறதும் நியாயமில்லை. தீர்ப்பு சொல்றது கோர்ட்டு வேலை. மேடை குடுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்றது சேனலோட பொறுப்பு. இதை அது மேலயும் அதை இது மேலயும் போட்டுத் தப்பிக்கக் கூடாது.

ரெண்டாவது விஷயம், சமரசம். சமரசத்துக்கு ஒத்துக்கிட்ட பெண்ணைக் குறை சொல்ல நான் வரலை. அவங்கவங்க நிலைமை அவங்கவங்களுக்குத்தான் தெரியும். ஆனா நம்ம ஊர்ல சமரசம்னா என்ன? நாலு பெரியவங்க உட்காருவாங்க, "இனிமே செய்ய மாட்டான்"னு சொல்லுவாங்க, அவன் தலையைக் குனிஞ்சுக்குவான், அனுப்பி வச்சுடுவாங்க. மறுபடி அடிச்சா அந்த நாலு பேரும் வீட்டுல இருக்க மாட்டாங்க. சமரசமா போறதுன்னாலும் மாஜிஸ்திரேட் முன்னாடி, எழுத்துல, பாதுகாப்பு உத்தரவோட போங்க. அந்த உத்தரவை மீறினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா இருபதாயிரம் ரூபாய் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். வெறும் வாய்ப்பேச்சுக்கு அந்தப் பலம் கிடையாது.

இந்தச் சம்பவம் எல்லாத்திலேயும் ஒரு பொது விஷயம் இருக்கு, கவனிச்சீங்களா? அடிக்கிறவங்க சேனலுக்கு வேண்டியவங்க. அவங்க கத்தினா டி.ஆர்.பி. ஏறும். அதனால பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறது லாபம். எங்க குழுவுக்கும் அந்த மைக் செட்காரர் வேண்டியவர்தானே? எங்களுக்கு டி.ஆர்.பி. இல்லை, இலவச மைக் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். டி.வி.காரனைத் திட்டுறதுக்கு முன்னாடி நான் என்னைத் திட்டிக்க வேண்டியிருக்கு.

ஒரு கணக்கு சொல்றேன். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் கல்யாணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 38 பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். நாடு முழுக்கப் பார்த்தால் 100-க்கு 29. நம்ம மாநிலம் அதுக்கும் மேல. அதே கணக்கெடுப்பு சொல்கிறது: நாட்டில் இப்படி அடிபட்ட பெண்களில் உதவி கேட்டவர்கள் 100-க்கு 14 பேர்தான். பன்னிரண்டு பேர் இருக்கிற ஒரு குழுவுல நாலு பேருக்காவது இது தெரிஞ்ச கதைதான். அதுல வாய் திறக்கிறது ஒருத்தர் கூட இல்லை.

ஏன்னா நம்ம வீட்டுல கேமரா இல்லை. குறும்படம் போட்டுக் காட்ட ஆளில்லை. "நான் எங்கடி அடிச்சேன்?"னு அவன் கேட்டா, காட்ட எதுவும் இல்லை. அந்த வீட்டுக்குச் சாட்சி நாமதான்.

இப்போ சட்டத்துக்கு வர்றேன். சுருக்கமாத்தான் சொல்லுவேன், தூங்கிடாதீங்க.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடி மட்டும்தான் வன்முறைன்னு அது சொல்லலை. உடல் வன்முறை, பாலியல் வன்முறை, வாயாலும் மனசாலும் படுத்துகிற பாடு, பணத்தால் படுத்துகிற பாடுன்னு நாலு வகை சொல்லுது. நாலாவது வகை நமக்கு முக்கியம். நீங்க வாங்கின குழுக் கடனைப் பிடுங்கிக்கிட்டு, தவணைக்கு உங்களைத் தவிக்க விட்டா அதையும் புகாரில் சொல்லலாம். உங்க நகையை உங்க சம்மதம் இல்லாம அடகு வச்சாலும் அப்படித்தான். கல்யாணம் ஆன பெண் மட்டும் இல்லை, கல்யாணம் போலவே கூட வாழ்கிற பெண்ணும், அம்மாவும், அக்கா தங்கச்சியும் இந்தச் சட்டத்தில் வர்றாங்க.

"புகார் குடுத்தா வீட்டை விட்டுத் துரத்திடுவாங்களே"ன்னு பயப்படுறோம். வீடு அவன் பேர்ல இருந்தாலும், மாமியார் பேர்ல இருந்தாலும், நீங்க குடும்பமா வாழ்ந்த வீட்டுல குடியிருக்கிற உரிமை உங்களுக்கு இருக்கு. சட்டத்தின் 17-ஆவது பிரிவு அதைத்தான் சொல்லுது. மாஜிஸ்திரேட் குடியிருப்பு உத்தரவு போடலாம், ஜீவனத்துக்குப் பணம் குடுக்கச் சொல்லலாம், கிட்டவே வரக் கூடாதுன்னும் சொல்லலாம். இதெல்லாம் இல்லாம, கணவனும் அவர் வீட்டாரும் செய்கிற கொடுமைக்குத் தனியாக் கிரிமினல் வழக்கும் உண்டு. முன்னாடி 498-ஏன்னு சொல்லுவோமே, 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-ஆவது பிரிவு.

எல்லாத்தையும் மறந்தாலும் ஒண்ணை மறக்காதீங்க. 4-ஆவது பிரிவு. ஒரு வீட்டுல குடும்ப வன்முறை நடக்குது, நடந்தது, இல்லை நடக்கப் போகுதுன்னு நம்பக் காரணம் இருக்கிற யார் வேணும்னாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். பக்கத்து வீட்டுக்காரங்களும் சொல்லலாம், குழு ஊக்குநரும் சொல்லலாம். நல்லெண்ணத்தோட சொன்ன தகவலுக்காக உங்க மேல எந்த வழக்கும் போட முடியாது. "அடுத்தவன் வீட்டு விஷயம், நமக்கு எதுக்கு வம்பு"ன்னு சொல்றோமே, அந்த வம்பு வராம சட்டமே நமக்குப் பாதுகாப்புக் குடுத்திருக்கு. கேமராக்காரங்க மாதிரி நாம சும்மா நிற்க வேண்டியதில்லை.

பாதுகாப்பு அலுவலரை மாவட்ட சமூக நல அலுவலகத்துல பார்க்கலாம். 181-க்கு எந்த நேரமும் போன் பண்ணலாம், காசு கிடையாது. வக்கீலுக்குப் பணம் இல்லைன்னா கவலைப்படாதீங்க. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசமா வக்கீல் குடுப்பாங்க. அந்த நம்பர் 15100.

டி.வி. நிகழ்ச்சியில பெண்ணை அடிக்கிறதையோ மிரட்டுறதையோ வேடிக்கையாக் காட்டினா, அதுக்கும் புகார் குடுக்கலாம். முதல்ல அந்தச் சேனலுக்கே எழுதணும். 2021 விதிகளின்படி 15 நாளுக்குள்ள அவங்க முடிவு சொல்லியாகணும். திருப்தி இல்லைன்னா மேல போகலாம். ஒரு கடிதத்துல நம்ம கூட்டமைப்புப் பேரையும் முத்திரையையும் போட்டு, நூறு பேர் கையெழுத்து வச்சு அனுப்பினா அதுக்கு ஒரு கனம் இருக்கும். திட்டிக்கிட்டே பார்க்கிறதை விட இது மேல்.

இப்போ நிறுத்தி வச்ச கதைக்கு வர்றேன். இதைச் சொல்ல அந்தத் தங்கச்சிகிட்ட அனுமதி வாங்கியிருக்கேன். "சொல்லுங்கக்கா, பேரும் ஊரும் வேண்டாம்"னாங்க.

அந்தக் கூட்டம் முடிஞ்சு ரெண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. மூணாவது நாள், அவர் வெளியூர் விழாவுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வீட்டுக்குப் போனேன். சாணி தெளிச்சுக்கிட்டு இருந்தாங்க. "கண்ணு எப்படி இருக்கு?"ன்னு கேட்டேன். வேற ஒண்ணும் கேட்கலை. வாளியைக் கீழே வச்சுட்டு அழுதாங்க. அப்புறம் ஒண்ணு சொன்னாங்க: "அன்னைக்குக் கூட்டத்துக்கு வராமலே இருந்திருக்கலாம்க்கா. இந்தக் கண்ணோட வெளியே வர வெட்கமாத்தான் இருந்தது. நீங்க யாராவது கேட்பீங்கன்னுதான் வந்தேன்."

பன்னிரண்டு பேர் இருந்தோம். ஒருத்தர் கேட்கலை.

அப்புறம் நாங்க மூணு பேர் கூடப் போனோம். ஆஸ்பத்திரியில உண்மையைச் சொல்லிச் சீட்டு வாங்கினோம். போன்ல போட்டோ எடுத்து, தேதி போட்டு ஒரு நோட்டுல எழுதி வச்சோம். பாதுகாப்பு அலுவலரைப் பார்த்து மனு எழுதினோம். அலைச்சல் இல்லைன்னு சொல்ல மாட்டேன். எட்டு தடவை கோர்ட்டுக்குப் போனோம், கூலியும் போச்சு. நடுவுல ரெண்டு பேர் குழுவை விட்டே விலகிட்டாங்க, "குழு குடும்பத்தைக் கெடுக்குது"ன்னு ஊர்ல பேச்சு வந்தது. ஆனா பாதுகாப்பு உத்தரவு கிடைச்சது. அவங்க அந்த வீட்டுலதான் இருக்காங்க. தையல் மெஷின் போட்டிருக்காங்க. அவர் இப்போ கை ஓங்குறதில்லை. திருந்திட்டாரா பயந்துட்டாரான்னு எனக்குத் தெரியாது. அடி நின்னுச்சு.

நான் கேட்டுக்கிறது மூணே விஷயம். ஒவ்வொரு குழுவிலும் மாசம் ஒரு கூட்டத்துல, கணக்கு முடிஞ்ச பிறகு பத்து நிமிஷம் "வீட்டுல எல்லாம் எப்படி?"ன்னு பேசுறதுக்குத் தீர்மானம் போடுங்க. யாருக்காவது காயம் இருந்தா எல்லார் முன்னாடியும் கேட்காம, தனியாக் கூப்பிட்டு, ஒருத்தராவது கேளுங்க. அவங்க சம்மதம் இல்லாம வெளியே சொல்லாதீங்க; உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் உடனே 181-ஐக் கூப்பிடுங்க. மூணாவது, அடிக்கிறவன் நமக்கு எவ்வளவு வேண்டியவனா இருந்தாலும், அவனுக்காக நாம வாயை மூட வேண்டாம்.

கடைசியா ஒண்ணு. அடுத்த வருஷம் மகளிர் தினத்துக்கு எங்களுக்கு இலவச மைக் கிடைக்கலை. டவுன்ல இருந்து 2,500 ரூபாய் வாடகைக்குப் பிடிச்சோம். தணிக்கைக்கு வந்தவங்க, "போன வருஷம் இந்தச் செலவே இல்லையே?"ன்னு கேட்டாங்க. பொருளாளர் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாங்க: "போன வருஷமும் செலவுதான் சார். நாங்க எழுதலை, அவ்வளவுதான்."